வாத்தியாருக்கு மார்க் போடலாமா?

வாத்தியார் நமக்கு மார்க் போடுவார். இது எல்லோருக்கும் தெரியும். நாம் வாத்தியாருக்கு மார்க் போடலாமா?

போடலாம்! இப்போது கல்லூரிகளில் போட்டுக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த விஷயம் எனக்கே சரியாகத் தெரியாமல்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இராஜபாளையம். பஞ்சாலை ஊர். 1936-ல் இங்கே முதல் பெரிய நூற்பாலை வந்தது. அன்று முதல் இந்த ஊரில் பாதிப் பேருக்கு நூல்தான் சோறு. பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு நூற்பாலையில்தான் வேலை பார்க்கிறார். 'ரிங் பிரேம்' ஓட்டுகிறார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவருடைய மகள்தான் அந்த வீட்டில் முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள்.

இந்தப் பக்கத்தில் கல்லூரிக்குப் பஞ்சம் இல்லை. 1973-லேயே ராஜுக்கள் கல்லூரி வந்து விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிக் கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் கலசலிங்கம் என்ஜினீயரிங் கல்லூரி வந்தது. அது பிறகு பல்கலைக்கழகமாகவே ஆகி விட்டது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு மனோதத்துவம் படிக்க வேண்டும் என்று ஆசை. உளவியல் என்று இப்போது சொல்கிறார்களே, அதேதான். அதற்காக வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

"மனோதத்துவமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலையா?" என்று தெருவில் கேட்டவர்கள் உண்டு. மனிதன் எப்படி நினைக்கிறான், எப்படி மறக்கிறான், ஏன் பயப்படுகிறான், ஏன் ஒருவனை நம்புகிறான் என்று ஆராய்வதுதான் அந்தப் படிப்பு. நம் நாட்டில் 1916-லேயே கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித்துறை தொடங்கி விட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

சரி, கதைக்கு வருவோம்.

இரண்டு ஆசிரியர்கள்

முதல் வருடத்தில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பேர் பாடம் எடுத்தார்கள்.

ஒருவர் நன்றாகப் பேசுவார். வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கொண்டே இருக்கும். சினிமாவை உதாரணம் சொல்வார். பரீட்சையில் கை தாராளம்.

இன்னொருவர் ஓர் அம்மா. சின்ன வயது. நிரந்தர வேலை இல்லை. வருடா வருடம் புதுப்பிக்கும் தற்காலிக வேலை. வகுப்புக்குள் நுழைந்ததும் புத்தகத்தை மூடச் சொல்வார். "நேற்று என்ன படித்தோம்? ஒரு தாளில் எழுதுங்கள்" என்பார். தினமும் இதே பாடு! எழுதத் தெரியாமல் பிள்ளைகள் விழிக்கும். திட்ட மாட்டார். ஆனால் விடவும் மாட்டார்.

"காலை எழுந்ததுமே வயிற்றைக் கலக்கும், பெரியப்பா" என்றாள் அந்தப் பெண்.

வருடக் கடைசியில் செல்போனில் ஒரு படிவம் வந்தது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட வேண்டும். பாடம் புரிந்ததா? நேரத்துக்கு வந்தாரா? அன்பாக நடந்தாரா? இப்படிப் பல கேள்விகள். பஸ்சுக்கு நேரமாகிறது. ஊருக்குப் போகிற அவசரம். பிள்ளைகள் கேள்வியைப் படித்தார்களா என்பதே சந்தேகம். சிரிக்க வைத்தவருக்கு எல்லாவற்றிலும் ஐந்து. கேள்வி கேட்ட அம்மாவுக்கு எல்லாவற்றிலும் இரண்டு.

நேரத்துக்கு வந்தாரா என்ற கேள்விக்கும் இரண்டு! அந்த அம்மா ஒரு நாள் கூட மணி அடித்த பிறகு வந்தது இல்லையாம்.

லீவு முடிந்து திரும்பிப் போனால் அந்த அம்மா இல்லை. வேலை புதுப்பிக்கப்படவில்லை. மார்க் குறைந்ததுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டாம் வருடப் பாடம் ஆரம்பித்ததும் அந்தப் பெண்ணுக்கு ஒன்று தெரிந்தது. முதல் வருடத்தில் சிரித்துச் சிரித்துக் கேட்ட பாடம் அத்தனையும் மறந்து போய் விட்டது. வயிற்றைக் கலக்கிய பாடம் மட்டும் வரிசையாக நினைவில் நின்றது.

"நானும் இரண்டுதான் போட்டேன், பெரியப்பா" என்றாள்.

அவளுடைய அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, கோன்ல சுத்தி இருக்கும்போது எல்லா நூலும் நல்ல நூல் மாதிரிதான் தெரியும். வழுவழுன்னு இருக்கும். தறியில ஏத்தினாத்தான் எது அறும், எது நிக்கும்னு தெரியும். சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யிறவன்கிட்டக் கேளுங்க, எந்த மில்லு நூல் எப்படின்னு அவன் சொல்வான். கோனைக் கையில பிடிச்சுப் பார்த்தவன் சொல்ல முடியாது."

ஐந்தாம் வகுப்புப் படித்தவர் சொன்னது இது. இதையே அமெரிக்காவில் பத்தாயிரம் மாணவர்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

விமானப்படைக் கல்லூரியில்

அமெரிக்காவில் விமானப்படைக்கு ஒரு கல்லூரி உண்டு. அங்கே எந்த மாணவனுக்கு எந்த ஆசிரியர் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஒதுக்குவார்கள். மாணவன் தேர்ந்தெடுக்க முடியாது. பரீட்சையும் எல்லோருக்கும் பொது. ஆகவே எந்த ஆசிரியரிடம் படித்தவன் என்ன ஆனான் என்று கணக்குப் பார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

காரெல், வெஸ்ட் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அந்தக் கணக்கைப் பார்த்தார்கள். 2010-ல் முடிவை வெளியிட்டார்கள்.

முதல் கணிதப் பாடத்தில் தம் மாணவர்களை அதிக மார்க் வாங்க வைத்த ஆசிரியர்களுக்கு, மாணவர்களும் அதிக மார்க் போட்டிருந்தார்கள். இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதே மாணவர்கள் அடுத்த கணிதப் பாடத்துக்குப் போனதும் சறுக்கினார்கள்! அனுபவம் அதிகம் உள்ள ஆசிரியர்களிடம் படித்தவர்களோ முதல் பரீட்சையில் கொஞ்சம் குறைவாகத்தான் வாங்கினார்கள். ஆசிரியர்களுக்கும் குறைவாகத்தான் போட்டார்கள். ஆனால் அடுத்த பாடத்தில் அவர்கள்தான் நன்றாக நின்றார்கள்.

கோனும் தறியும்தான்! வேறு என்ன?

இன்னொன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிக வகுப்பில் ஒரு சோதனை செய்து 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்துக்குத் தங்கு தடை இல்லாமல் பேச்சாகவே பாடம். இன்னொரு கூட்டத்துக்குக் கணக்கைக் கொடுத்து, "நீங்களே முட்டி மோதிப் பாருங்கள்" என்று பாடம். பேச்சுக் கேட்டவர்கள், "நாங்கள் நிறையக் கற்றோம்" என்றார்கள். சோதித்துப் பார்த்தால் முட்டி மோதியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள்.

சுலபமாக உள்ளே போவது சுலபமாக வெளியே வந்து விடுகிறது போல் இருக்கிறது. கஷ்டப்படும்போது "நமக்கு ஒன்றும் ஏறவில்லை" என்று மனம் நினைக்கிறது. அந்த நேரத்தில்தான் ஏறிக் கொண்டிருக்கிறது! இதைச் சொல்லிக் கொடுக்கும் பாடமே மனோதத்துவம். அந்தப் பாடம் நடத்திய ஆசிரியைக்கே இந்த மார்க் விழுந்தது என்பதுதான் வேடிக்கை.

நடிகர் நடத்திய பாடம்

இனி ஒரு சிரிப்புக் கதை. ஆனால் நடந்த கதை.

1970-ல் அமெரிக்காவில் டாக்டர்களும் மனோதத்துவ நிபுணர்களும் கூடிய கூட்டத்தில் "டாக்டர் மைரான் பாக்ஸ்" என்பவர் பேசினார். பெரிய தலைப்பு. மருத்துவக் கல்வியில் கணிதம் பற்றிய பேச்சு. தோரணையாகப் பேசினார். ஜோக் அடித்தார். கேள்விகளுக்கும் சளைக்காமல் பதில் சொன்னார். கேட்டவர்கள் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பேச்சின் படத்தை வேறு சில கூட்டங்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஒருவர், "இவருடைய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன்" என்று கூடச் சொன்னார்!

அவர் டாக்டரே இல்லை. ஒரு நடிகர். பேச்சில் விஷயம் என்று ஒன்றுமே இல்லை. முன்னுக்குப் பின் முரணாகப் பேசச் சொல்லி, ஆராய்ச்சியாளர்களே அவரைத் தயார் செய்து அனுப்பியிருந்தார்கள்.

ஏமாந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் அல்ல. மனித மனத்தை அலசுவதே தொழிலாக வைத்திருப்பவர்கள்! அப்படி இருக்க, பதினெட்டு வயசுப் பிள்ளையை நாம் என்ன குறை சொல்வது?

நளினி அம்பாடி என்ற கேரளத்துப் பெண்மணி அமெரிக்காவுக்குப் போய்ப் பெரிய மனோதத்துவ அறிஞர் ஆனவர். 2013-ல் காலமானார். ஹார்வர்டில் இருந்தபோது அவரும் ரோசென்தால் என்பவரும் ஒரு சோதனை செய்தார்கள். 13 ஆசிரியர்கள் பாடம் நடத்துவதைப் படம் பிடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் மொத்தம் 30 விநாடிப் படம். சத்தம் கிடையாது. ஊமைப் படம்! முன்பின் தெரியாதவர்களுக்கு அதைக் காட்டி, "இவர் எப்படி?" என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதும், ஒரு பருவம் முழுவதும் கூட இருந்து படித்த மாணவர்கள் போட்ட மார்க்கும் பெரிதும் ஒத்துப் போயின. 1993-ல் இது வெளியாயிற்று.

இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். மனிதக் கண் கூர்மையானது, அரை நிமிஷத்தில் நல்லவரைக் கண்டு கொள்கிறது என்று சொல்லலாம். பருவம் முழுவதும் உட்கார்ந்த மாணவனும் முகத்தையும் கை அசைவையும் பார்த்துத்தான் மார்க் போட்டான் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் உண்மையாகப் படுகிறது.

பெண் ஆசிரியைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வட கரோலினாவில் முகம் பார்க்காமல் இணையம் வழியாக நடந்த ஒரு வகுப்பில், ஆசிரியர்கள் பெயரை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சிறிய சோதனைதான். 43 மாணவர்கள். தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தது எல்லோருக்கும் ஒரே நேரம். ஆனால் ஆண் பெயர் போட்டிருந்தால் "சீக்கிரம் கொடுத்தார்" என்றார்கள். பெண் பெயர் என்றால் மார்க் குறைந்தது! இது 2015-ல் வெளியானது. நேரத்துக்கு வந்த அந்த அம்மாவுக்கு இரண்டு விழுந்ததை இதைப் படித்தபோது நினைத்துக் கொண்டேன்.

அப்படியானால் கேட்கவே வேண்டாமா?

"அதுதான் சரி! பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்று சில பெரியவர்கள் உடனே துள்ளுவார்கள். நான் அந்தக் கட்சி அல்ல.

நான் படித்த காலத்தில் எங்களை யாரும் கேட்கவில்லை. ஒரு பேராசிரியர் இருந்தார். பழுப்பு ஏறிய நோட்டு ஒன்றைக் கொண்டு வருவார். உட்காருவார். படிப்பார். மணி அடித்தால் எழுந்து போவார். எனக்கு முன்னால் படித்தவர்களுக்கும் அதே நோட்டு. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதே நோட்டு. நாங்கள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மார்க் போய் விடும் என்று பயம். அந்தப் பாடத்தில் இன்று எனக்கு நினைவு இருப்பது நோட்டின் நிறம் ஒன்றுதான்!

வகுப்புக்கு வராத ஆசிரியர் உண்டு. பெண் பிள்ளைகளிடம் தப்பாகப் பேசும் ஆசிரியர் உண்டு. சாதி கேட்கும் ஆசிரியர் உண்டு. மில் தொழிலாளி மகள் யாரிடம் போய்ச் சொல்வாள்? பெயர் போடாத ஒரு தாள்தான் அவளுக்கு வழி. அதையும் பிடுங்கலாமா?

கேட்பது ஒன்றும் புதுப் பழக்கமும் அல்ல. இத்தாலியில் பொலோஞா என்ற ஊரில் பல நூறு வருடங்களுக்கு முன்பு மாணவர் சங்கமே ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. நேரம் கழித்து வந்தால் ஆசிரியருக்கு அபராதம்! அமெரிக்காவில் 1927-லேயே பர்டியூ பல்கலைக்கழகத்தில் ரெம்மர்ஸ் என்ற மனோதத்துவப் பேராசிரியர் இதற்கு ஒரு மார்க் தாள் தயாரித்து விட்டார். நம் நாட்டில் கல்லூரிகளுக்குத் தரம் போட 'நாக்' என்ற அமைப்பு 1994-ல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. அது 2017-ல் மாணவர்களையே நேரடியாகக் கேட்கும் முறையைக் கொண்டு வந்தது. 20 கேள்விகளுக்குத் தெரிவு செய்து பதில். கடைசியாக ஒன்றுக்கு மட்டும் சொந்த வார்த்தையில் பதில். பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தி முடித்தார்கள், ஆசிரியர்கள் தயார் செய்து கொண்டு வந்தார்களா என்று எல்லாம் அதில் கேட்டார்கள். ஆனால் அது கல்லூரி முழுவதையும் எடை போட வந்தது. ஓர் ஆசிரியருடைய தலையெழுத்தை எழுத வந்தது அல்ல.

நன்னூல் போட்ட மார்க்

நம்மவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. பவணந்தி முனிவர் 13-ம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலைப் பாருங்கள். நல்ல ஆசிரியர் எப்படி இருப்பார் என்று சொல்கிறார். நிலம் போல, மலை போல, தராசு போல, மலர் போல என்கிறார். அதோடு விட்டாரா? ஆகாத ஆசிரியர் எப்படி இருப்பார் என்றும் சொல்லி விட்டார்!

கழற்சிக்காய் போட்ட குடம் ஒன்று. போட்ட வரிசையில் வெளியே வராது. எது முதலில் விழும் என்று தெரியாது. வரிசை இல்லாமல் பாடம் நடத்துகிறவர் இவர். மட்டை நிறைந்த பனை ஒன்று. ஏறிப் பறிக்க முடியாது, தானாக விழுந்தால்தான் உண்டு. மனம் வந்தால் சொல்வார், கேட்டால் சொல்ல மாட்டார். வளைந்த தென்னை ஒன்று. தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருவன், காய் விழுவது அடுத்த வீட்டில். பஞ்சு அடைத்த குடுக்கை ஒன்று. அடைக்கவும் பாடு, எடுக்கவும் பாடு. கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பஞ்சுக் குடுக்கையைச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்து விட்டார். பஞ்சைப் பற்றி அவருக்கு யார் சொல்ல வேண்டும்!

நான் கவனித்தது வேறு. பவணந்தியார் ஒன்று, இரண்டு என்று மார்க் போடவில்லை. என்ன குறை என்று சொன்னார். வரிசை இல்லாதது ஒரு குறை. கேட்டால் சொல்லாதது வேறு குறை. இரண்டுக்கும் வேறு வேறு மருந்து. "உங்களுக்கு ஐந்துக்கு 2.3" என்று ஒருவரிடம் சொன்னால் அவர் எதைத் திருத்திக் கொள்வார்?

அவர் மாணவர்களையும் விடவில்லை. பாலை மட்டும் எடுக்கும் அன்னம், மேய்ந்ததை அசை போடும் பசு, இவர்கள் முதல் தரம். சொன்னதைச் சொல்லும் கிளி நடுத்தரம். ஓட்டைக் குடமும், நெய்யை விட்டு விட்டுக் கசடைப் பிடித்து வைக்கும் நெய்யரியும் கடைசி. ஆகவே மார்க் தாள் வந்தால் போட்டது அன்னமா, நெய்யரியா என்றும் பார்க்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

மாணவருக்குத் தெரிந்ததை மாணவரிடம் கேளுங்கள். நேரத்துக்கு வந்தாரா, சத்தம் கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா, தாளைத் திருத்திக் கொடுத்தாரா, கேவலமாகப் பேசினாரா. இதற்கு மாணவரைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆசிரியருக்குப் பாடத்தில் ஆழம் உண்டா என்று மாணவரைக் கேட்பது, சமையல் தெரியாதவனிடம் உப்புக்கு அளவு கேட்பது போல.

எழுத இடம் கொடுங்கள். எழுத நேரமும் கொடுங்கள். பஸ்சுக்குப் போகிறவனிடம் நீட்டாதீர்கள்.

எழுதியவர் யார் என்று தெரியாமல் பார்த்துக் கொள்ளுங்கள். "போன் நம்பரை வைத்துக் கண்டுபிடித்து விடுவார்கள்" என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் இருந்தால் எல்லோருக்கும் ஐந்துதான் விழும்.

முக்கியமாக ஒன்று. ஒரு வருடம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். "போன வருடம் படித்ததில் இந்த வருடம் உதவுவது யார் நடத்திய பாடம்?" இந்த ஒரு கேள்வி போதும். தறியில் ஏறிய பிறகு நூலைப் பற்றிக் கேட்பது இது.

அதுவரை, தற்காலிக வேலையில் இருப்பவரின் பிழைப்பை இந்த ஒரு நம்பரில் தொங்க விடாதீர்கள். நிரந்தர வேலையில் இருப்பவருக்கு மார்க் குறைந்தால் முகம் வாடும். அவ்வளவுதான். தற்காலிக வேலையில் இருப்பவருக்கு அடுப்பு அணையும். இருவருக்கும் தாள் ஒன்றே, அடி ஒன்று அல்ல. இன்னொன்றும் உண்டு. பயந்து போன ஆசிரியர் கேள்வி கேட்பதை நிறுத்தி விடுவார். எல்லோருக்கும் மார்க்கை வாரி விடுவார். "மார்க்கைக் கொடு, மார்க்கை வாங்கு" என்று வகுப்பு சந்தைக்கடை ஆகி விடும். நஷ்டம் யாருக்கு? கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டுக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் ஊருக்கு வந்திருந்தாள். இரண்டாம் வருடப் படிவம் செல்போனில் வந்திருந்தது. மறுநாள் சாயங்காலம் வரை கெடு. இந்தத் தடவை பஸ்சில் வைத்துப் போடவில்லை. சாப்பிட்டு விட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவளுடைய அப்பா இரண்டு தடவை காபி வேண்டுமா என்று கேட்டார். தலையை நிமிர்த்தவில்லை.

கடைசிப் பெட்டியில் எழுதும்போது, "பெரியப்பா, போன வருஷம் இருந்தவங்களைப் பத்தி இந்த வருஷம் எழுதலாமா?" என்று கேட்டாள்.

அதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. "இருக்கிற இடத்தில் எழுது, தாயி" என்றேன். எழுதினாள்.